அரைக் கிலோமீட்டர் கடல்

குமரிமுனைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து போவதைப் பற்றி எழுதிவைத்த மிகப் பழைய ஆட்களில் ஒருவர் ஒரு கிரேக்கக் கடலோடி. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியக் கரைவரை துறைகளையும் சரக்குகளையும் வரிசையாகக் குறித்துக்கொண்டே வருகிறார். மிளகு, முத்து என்று வணிகக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே குமரியில் வந்து கொஞ்சம் நிற்கிறார். அங்கே ஒரு துறை இருக்கிறது என்கிறார். மீதி வாழ்நாளை நோன்பில் கழிக்க நினைக்கும் ஆண்கள் வந்து நீராடி, மணம் துறந்து தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே தங்குகிறார்கள், முன்னொரு காலத்தில் ஒரு தேவி அங்கே வாழ்ந்து நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற அந்தக் குறிப்பேட்டில் குமரிக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே இங்கே சரக்கு வாங்க மட்டும் ஆள் வரவில்லை, கடலைத் தேடியும் வந்தார்கள் என்பதற்கு அந்தச் சில வரிகள் போதும்.

கொட்டாரத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாடப்புத்தகத்தில் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைக் கன்னியாகுமரிப் படகுத்துறைக்குக் கூட்டிப் போவேன். பக்கத்து ஊர்தான் என்றாலும், கடலுக்குள் ஒருமுறைகூடப் போயிராத பிள்ளைகள்தான் வகுப்பில் பாதிக்கு மேல் இருக்கும். நாஞ்சில் நாட்டின் வயல்பக்கத்துப் பிள்ளைகள். நான் கீழமணக்குடிக்காரன். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். அதனால் படகில் ஏறும்போது அவர்கள் விவேகானந்தர் பாறையைப் பார்ப்பார்கள், நான் பாறைக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பேன். இந்தக் கட்டுரை அந்தத் தண்ணீரைப் பற்றியது. அகலம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்.

நெடுங்காலம் அந்தத் தண்ணீரைக் கடக்க வேண்டும் என்று யாத்திரை வந்தவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்தவர்கள் முக்கடல் துறையில் முங்கி, முன்னோருக்குக் கடன் செய்து, பகவதியம்மனைத் தொழுது திரும்பினார்கள். எதிரே நின்ற பாறை ஸ்ரீபாதப்பாறை. அதில் அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த அடையாளம் உண்டு என்பது நம்பிக்கை. கரையில் நின்று கும்பிட்டால் போதும். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட தாணுமாலயன் வழுக்கம்பாறைக்கு வரும்போது சேவல் கூவி, முகூர்த்தம் தவறி, கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிப் போனது என்ற கதையை எங்கள் பக்கத்தில் கேட்காமல் வளர்ந்தவர் இல்லை. அந்தப் பல நிற மணலைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி இன்றும் சன்னிதித் தெருவில் விற்கிறார்கள். கோயிலின் கிழக்கு வாசல் ஆண்டில் சில நாள் தவிர மூடியே கிடக்கும். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கரைவிளக்கு என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் அப்படி அடைத்தார்கள் என்பது அதற்குச் சொல்லும் கதை. கதைதான். ஆனால் கடலோடும் ஆட்கள் வாழ்ந்த ஊரில்தான் அப்படி ஒரு கதை பிறக்க முடியும். இந்தப் பாறைகளை ஆபத்து என்று அறிந்தவர்கள் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

கடக்கும் கதை 1892-இல் தொடங்குகிறது. டிசம்பர் மாதம், திருவனந்தபுரம் வழியாக விவேகானந்தர் குமரிக்கு வந்தார். 25, 26, 27 ஆகிய மூன்று நாள் அந்தப் பாறையில் இருந்தார். படகுக்காரனுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல் நீந்திப் போனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எல்லோரும் அந்தக் கதையில் அவர் நீந்தியதைச் சொல்வார்கள். நான் பிள்ளைகளிடம் படகுக்காரனைப் பற்றிக் கேட்பேன். அன்றைக்கே அங்கே காசுக்கு ஆள் ஏற்றும் ஒருவன் இருந்திருக்கிறான் என்றால் அவன் யார்? வாவத்துறையில் மீன்பிடித்து வாழ்ந்த எங்கள் சனத்தில் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். அவனிடம் பெரிய வள்ளம் இருந்திருக்க வேண்டியதில்லை. லேசான தடிகள் சிலவற்றைக் கயிற்றால் வரிந்து கட்டிய கட்டுமரம் போதும். கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் காயப்போட்டு, மறுநாள் மறுபடி கட்டுவார்கள். உட்கார இடம் கிடையாது. முழங்காலிட்டுத்தான் போக வேண்டும், இடுப்புக்குக் கீழே நனையாமல் போக முடியாது. உல்லாசப் பயணம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்போது இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே ஆண்டில் காந்தி மண்டபமும் எழுந்தது. 1948 பிப்ரவரி 12-இல் காந்தியின் அஸ்தியை இங்கே கடலில் கரைத்தார்கள். அதற்கு முன் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த இடத்தில், அக்டோபர் 2-ஆம் நாள் நடுப்பகலில் கூரைத் துளை வழியே வெயில் விழும்படி அந்த மண்டபத்தைக் கட்டினார்கள். நீராடிப் போகும் ஊர் பார்த்துப் போகும் ஊராக மாறத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான் என்பது என் கணிப்பு.

பிறகு பாறை. 1963 விவேகானந்தரின் நூற்றாண்டு. அங்கே ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. கடற்கரைக் கத்தோலிக்க மக்களுக்கும் அந்தப் பாறைமேல் உரிமை உணர்வு இருந்தது, அங்கே ஒரு சிலுவையும் நின்றது. சச்சரவு வலுத்தது. உள்ளூர்ப் படகுகள் போக மறுத்ததால் மலபார்க் கரையிலிருந்து மீனவர்களை வரவழைத்துப் பாறைக்குப் போனார்கள். 1963 ஜனவரி 17-இல் வைத்த கல்வெட்டுப் பலகை சில மாதங்களில் பெயர்க்கப்பட்டது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். யார் சரி என்று இங்கே நான் தீர்ப்பெழுதப் போவதில்லை. காலங்காலமாகத் தனக்குப் பழகிய பாறை தன் கையை விட்டுப் போகிறது என்று ஒரு கரை பயந்தது. நாடே மதிக்கும் ஒருவர் தவமிருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று இன்னொரு பக்கம் வருந்தியது. இரண்டும் உண்மையான உணர்வுகள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச அன்று ஆள் இல்லை.

நினைவுச் சின்னப் பணிக்கு ஏக்நாத் ரானடே பொறுப்பேற்ற பிறகு வேலை வேகம் பிடித்தது. அதற்கு ஆதரவாக நாடாளுமன்ற உறுப்பினர்கள் 323 பேரிடம் கையெழுத்து வாங்கினார். நாடெங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சாதாரண மக்களிடம் பணம் திரட்டினார். எஸ்.கே. ஆச்சாரி தலைமையில் கல்வேலை 1964-இல் தொடங்கியது. ஒவ்வொரு கல்லும், கல் மட்டுமா, சிமெண்டும் குடிக்கிற தண்ணீரும் அந்த அரைக் கிலோமீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் படகு அணைக்கவே முடியாத இடம் அது. 1970 செப்டம்பர் 2-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மண்டபத்தைத் திறந்து வைத்தார். கல்தச்சர்களின் பெயரைச் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆறு ஆண்டு அந்தக் கல்லையெல்லாம் கொண்டு சேர்த்த படகாட்களையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கட்டடத்தின் கதை முழுமையாகும்.

அந்தத் தண்ணீர் ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைப் பிளந்துகொண்டு வரும் காற்று இங்கே கடலில் இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் இந்த முனைக்குத் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே திரும்பி மேற்கு நோக்கி ஓடும். எங்கள் ஆட்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அது திரும்பும் நாட்களைத் தேதி பார்த்துச் சொல்ல முடியாது, காலை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதுபோக, காற்றே இல்லாத தெளிந்த நாளில்கூடத் திடீரென்று கடல் உள்ளேறும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதால் நடப்பது அது. கள்ளக்கடல் என்று கேரளக் கரையிலும் எங்கள் கரையிலும் மீனவர்கள் வைத்த பேரையே இப்போது வானிலை எச்சரிக்கைகளிலும் எழுதுகிறார்கள். ‘கடல் நீர்மட்டம் தாழ்வு, படகுப் போக்குவரத்து தாமதம்’ என்று செய்தித்தாளில் வருவதை வாசித்து, விடுமுறை வீணானதே என்று வருந்துகிறவர்கள், அந்த முடிவை எடுத்தவர் ஒரு பெரிய கணக்கைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார் என்று அறிய வேண்டும்.

மண்டபம் திறந்தபின் கூட்டம் பெருகியது. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் குமரிவரை ரயில் வந்தது, கூட்டம் இன்னும் பெருகியது. 1984 முதல் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. 1974-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம் இது. இதன் முதன்மையான தொழில் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவது. தூத்துக்குடிக்கும் எண்ணூருக்கும் கரி ஏற்றும் நிறுவனம்தான் இங்கே குழந்தைகளை ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோகிறது. படகுகளின் பெயர் பொதிகை, குகன், விவேகானந்தா. ஒரு நடைக்கு 150 பேர். இதில் குகன் என்ற பெயரை வைத்தவர் யாரோ, அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஓடக்காரனைத் தம்பியாகச் சேர்த்துக்கொண்ட கதை நம்முடையது. அந்தப் பெயரைப் படகின் நெற்றியில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வள்ளுவர் சிலை பற்றித் தமிழருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1979-இல் அடிக்கல், 1990-இல் வேலை தொடக்கம், 2000 ஜனவரி 1-இல் திறப்பு, கணபதி ஸ்தபதியின் கைவண்ணம், பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133. படகோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிலை நிற்கும் பாறையைச் சுற்றி நீருக்கடியில் பாறைகள் அதிகம். தண்ணீர் வற்றினாலும் அலை எழுந்தாலும் படகு அங்கே அணையாது. விவேகானந்தர் பாறையோடு பயணம் முடிந்துவிடும். தூரத்திலிருந்து வந்தவர்கள் கண்ணெதிரே நிற்கும் வள்ளுவரின் காலடிக்குப் போக முடியாமல் திரும்பியதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் 30-இல் இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். இப்போது ஒரு பாறையில் இறங்கினால் நடந்தே மற்றதற்குப் போகலாம். வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய உபகாரம். கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிற பிள்ளைகள் காலுக்குக் கீழே சுழிக்கும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். அந்த வகையில் இந்தப் பாலம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஐச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விடுமுறைக் கூட்டம். காலையில் பாறைக்குப் போன நூற்றுக்கணக்கான பேர் அங்கே இருந்தார்கள். கடல் உள்வாங்கிப் பாறைகளின் அடி தெரிந்தது. பிறகு வந்தது. எங்கள் மணக்குடியில் பழையாற்றுக் கழிமுகத்தின் மேல் நின்ற பாலத்தையே பெயர்த்து எறிந்த அலை அது. குளச்சலும் கொட்டில்பாடும் மேலமணக்குடியும் பிணக்காடாயின. எங்கள் தெருவில் அழுகை கேட்காத வீடு இல்லை. அன்றைக்குப் பாறையில் சிக்கியிருந்த வெளியூர்க்காரர்களை மீட்கக் கடலில் இறங்கியவர்கள் கன்னியாகுமரி மீனவர்கள். தங்கள் வலைகளும் படகுகளும் சிதறிக் கிடந்த நேரத்தில், இன்னொரு அலை வருமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், கையில் மிஞ்சிய படகுகளை எடுத்துக்கொண்டு போய் மக்களை ஏற்றி வந்தார்கள். 1963-இல் போக மறுத்த கரையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 2004-இல் போனார்கள். நான் வகுப்பில் இந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவேன். இந்த ஊரின் வரலாற்றை இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்பவர் பாதியைத்தான் சொல்கிறார்.

ஒரு கடலின் கதையை யார் சொல்வது என்று என்னை யோசிக்க வைத்த பேச்சு ஒன்று வெகுதூரத்திலிருந்து வந்தது. என் அக்கா மகன் ஒருவன் அமெரிக்காவின் மயாமியிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் சமையற்கட்டில் வேலை பார்க்கிறான். கரீபியன் கடலில் இரவெல்லாம் ஓடி, விடிந்தால் ஒரு தீவு, மாலையில் மறுபடி கடல், மறுநாள் இன்னொரு தீவு. குவாதலூப்பில் கரையிறங்கிய அன்று என்னைக் கூப்பிட்டான். “மாமா, இங்க ஒரு கோயிலு இருக்கு, நம்ம ஊர்க் கோயிலு கணக்கா. கடைப்பலகையில ராமசாமின்னு எழுதியிருக்கு. உள்ள போயி கேட்டா ஒரு சொல்லு தமிழ் தெரியல்ல அவருக்கு” என்றான். குரல் தழுதழுத்தது. 1853-இல் புதுச்சேரியிலிருந்து போன ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் தொகுதிக் கூலியாட்களை மார்த்தினிக்கில் இறக்கியது என்றும், அடுத்த ஆண்டு குவாதலூப்பில் இறக்கியது என்றும், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் புதுச்சேரி, காரைக்கால், கல்கத்தா வழியாகப் போனார்கள் என்றும், அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கதை அது என்றும் அவனுக்குச் சொன்னேன். இன்று கப்பலின் மேல்தட்டில் நின்று படமெடுக்கும் பயணி அதே தண்ணீரில்தான் போகிறார். அவனுடைய கப்பல் தீவில் நிற்கும்போது, இறங்குகிறவர்களை அந்தத் தீவின் ஆள் ஒருவர் வேனில் கூட்டிப்போய்ப் பழைய கரும்பாலையைக் காட்டிப் பேசுவாராம். அடிமைகள் கதை, கூலிகள் கதை, புயலடித்த கதை எல்லாம் சொல்வாராம். “அவுங்க சொந்தக் கதையை அவுங்களே சொல்லுதாவ மாமா” என்றான். அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

நம்மிடமும் இப்போது கொஞ்சம் நீண்ட பயணம் ஒன்று இருக்கிறது. கோவாவில் கட்டிய தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு பெரிய படகுகள் 2023 முதல் கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைவரை கடலோரமாகப் போய் வருகின்றன. குளிரூட்டிய அறையும் உண்டு, திறந்த இருக்கையும் உண்டு. திறந்த இருக்கையில் உட்காருங்கள் என்பேன். வாவத்துறை, அடுத்துச் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம், அதற்கப்பால் தென்னந்தோப்புகள், கடைசியில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் கருங்கல் மதில். திருவிதாங்கூரின் கிழக்கு எல்லைக் காவல் அது. அதைப் பலப்படுத்திய டிலனாய் 1741-இல் டச்சுப் படையோடு குளச்சலில் வந்திறங்கிய எதிரி. ஆகஸ்ட் 10 சண்டையில் தோற்று மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அதே அரசனின் படையைப் பயிற்றி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் புதைக்கப்பட்டவர். கடல்வழியாக வந்த எதிரி பலப்படுத்திய கடற்கோட்டையைக் கடலிலிருந்தே பார்க்கும் வாய்ப்பை வேறெந்தப் பயணம் தரும்?

அதே படகிலிருந்து வடமேற்கே திரும்பினால் மருத்துவாழ்மலை தெரியும். அனுமன் கொண்டுபோன மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பார்கள், நாராயண குரு தவமிருந்த குகை அதில் இருக்கிறது. என் அப்பாவுக்கு அந்த மலை கணியம். கரையில் நிற்கும் இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு கோடு, வேறு இரண்டை வைத்து இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் நீருக்கடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கும், மீன் இருக்கும். மருத்துவாழ்மலையின் முடி, அலங்கார உபகார மாதா கோயில் கோபுரம், ஊர்த்தென்னைகள் என்று அவர் மனதில் ஒரு வரைபடமே இருந்தது. “மலைக்கு நேரா கோபுரத்தப் புடி மக்கா, பொறவு கீழ்க்க பாரு” என்பார். பிற்காலத்தில் மண்டபமும், அதற்குப் பின் வள்ளுவர் சிலையும் எங்கள் ஆட்களுக்குக் கணியமாகிவிட்டன. பயணி கரையிலிருந்து சிலையைப் பார்க்கிறார். மீனவன் கடலிலிருந்து அதே சிலையை வைத்துத் தான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுகொள்கிறான்.

வட்டக்கோட்டைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் போலாகிறது. அந்த நேரத்தில் ஒரு கால் மணி, இந்தக் கரையில் பிறந்த ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எப்போது எங்கிருந்து எழும், நீவாடு திரும்பியதை எப்படி அறிவது, கணியம் பார்ப்பது எப்படி, 1892-இல் ஒரு துறவி கடந்த தண்ணீர் எது, 2004-இல் யார் எந்தப் பக்கமாகப் படகை அணைத்தார்கள். இவ்வளவும் தெரிந்த பெரியவர்கள் வாவத்துறையிலும் சின்னமுட்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் வயது தாண்டி, நிழலில் உட்கார்ந்து மற்றவர்களின் வலைக் கிழிசலை முடிந்துகொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு சம்பளமும் ஒரு நாற்காலியும் போதும். படகுத்துறையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான்.